நைனாவுக்கு மட்டும் வந்த கடிதம்

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
14-10-1973, ஞாயிறு

என் மகன் செல்வநாதனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம். உன் நைனாவும் சுகம், எண்ணூரில் கட்டிக்கொடுத்த நம் பிலோமியும் பிள்ளைகளும் சுகம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எப்போதும் கார்டு போடுகிற அம்மா இவ்வளவு கனமாகக் கவர் அனுப்பியிருக்கிறாளே என்று நீ பயந்துகொண்டு பிரிக்கக்கூடாது.

மூன்று நாளாக இதை எழுத உட்காருகிறேன், முடியாமல் எழுந்துவிடுகிறேன். கோணி தைத்துத் தைத்து வலது கை விரல் இரண்டும் மடங்க மாட்டேன் என்கிறது. ஆனால் கையை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

செல்வம், போன வருஷம் ஜனவரியில், பொங்கல் கழிந்து, நீ பிலாயிலிருந்து உன் நைனாவுக்கு ஹார்பர் விலாசத்தில் ஒரு கடிதம் போட்டாய். இப்படி ஒரு கடிதம் வந்ததே எனக்குப் போன புதன்கிழமைதான் தெரியும். அதற்கு அவர் பதில் போடவில்லை. ஏன் போடவில்லை என்று நீ ஒன்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது இல்லை. உன் நைனாவுக்குப் படிக்கத் தெரியாது.

நீ நம்ப மாட்டாய். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜெபப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருப்பாரே, உன் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் அவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போடுவாரே என்பாய். அந்தக் கண்ணாடி நான் வாங்கிக் கொடுத்தது. காலையில் டீக்கடையிலிருந்து பேப்பர் வந்ததும், "கண்ணு எரியுது, நீயே படிமே" என்பார். நான் சத்தமாகப் படிப்பேன். அவர் கேட்டுக்கொண்டு போய் ஹார்பரில் எல்லாருக்கும் உலகச் செய்தி சொல்வார். இருபத்தாறு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று நானே பார்த்துக்கொண்டேன். அது அவருக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை, பாவம் என்றே தோன்றாததால். கல்யாணமான முதல் வருஷம் அவரே ஒரு சிலேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சிஸ்டர்மார் பள்ளியில் எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். "எனக்கும் கத்துக்குடு" என்றார். முதலில் கையெழுத்துப் பழக்கினேன். சவரிநாதன், ஆறு எழுத்து. பத்து நாளில் என்னைவிட அழகாக எழுதினார். அப்புறம் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள் ‘கப்பல்’ என்று எழுதிக் காட்டினேன். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பார்த்துவிட்டுக் ‘கம்பளி’ என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாள் முழுக்கக் கப்பலிலேயே கிடக்கிற ஆளுக்குக் கப்பல் தெரியவில்லையே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். முற்றத்தில் இருந்த பக்கத்து வீட்டுக்காரியும் சிரித்தாள். அவர் சிலேட்டைத் துடைத்துப் பரண் மேல் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்று ஆபீஸ் கிளார்க் அதைக் கொடுத்து, பிலாயிலிருந்து உங்கள் மகன் போட்டது, மேலே ‘சொந்தம்’ என்று எழுதியிருக்கிறது மேஸ்திரி, நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்றாராம். அவருடைய வயதுக்கு அவர் பெயருக்கென்று ஒரு கடிதம் வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் நான் உரக்கப் படிப்பேன், பக்கத்து வீட்டுக்காரி உட்பட எல்லாரும் கேட்பார்கள் என்பதால்தான் நீ ஹார்பருக்குப் போட்டாய் என்று இப்போது புரிகிறது. அவருக்கு அது அன்றைக்கே புரிந்துவிட்டது. மகன் தகப்பனை மட்டும் நம்பி ஏதோ எழுதியிருக்கிறான், அதை இன்னொருவர் வாயால் கேட்கக்கூடாது என்று எடுத்து வைத்துக்கொண்டார். தகரப் பெட்டியில், தன் ஹார்பர் பாஸுக்கு அடியில்.

போன வருஷம் ஈஸ்டர் கழிந்ததிலிருந்து அவர் வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வீடு வர ஆரம்பித்தார். ஆறு மணிக்கு வருகிறவர் எட்டரைக்கு வருவார். கேட்டால், "கப்பல்ல வேலை கீது" என்பார். அப்போது தெருவுக்குத் தெரு சாராயக் கடை திறந்து வைத்திருந்தார்கள். என் மனசு எங்கே போகும், சொல். சட்டையைத் துவைக்கும்போது முகர்ந்து பார்ப்பேன். சாராய வாடை இருக்காது, வேறு ஒரு கெட்ட நாற்றம், பச்சைத் தோல் நாற்றம் இருக்கும். போன மாதம் கடைகளை மூடின பிறகும் தாமதமாகத்தான் வந்தார். சரி, திருட்டுச் சரக்கு என்று முடிவு செய்துவிட்டேன். சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை. குழாயடியில் தண்ணீருக்கு நின்று, ரேஷன் கடையில் அரிசிக்கு நின்று, வந்து கோணியைத் தூக்கி மடியில் போட்டால் அதற்கு மேல் யாரிடமும் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் திடீரென்று நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். மறு தடவையும் வந்தார். பேச்சில்லை, சாப்பாடு பாதி. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? குடியை விட்டுவிட்டார், அந்த வாட்டம்தான் இது என்று சந்தோஷப்பட்டு, மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். புர்கா போட்ட ஒரு அம்மாள் வாசலில் வந்து நின்றாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். "இன்னாக்கா, சவரி மேஸ்திரி வூடு இதானே? மூணு கிளாஸா ஆளயே காணோமே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றாள்.

கிளாஸ் என்றதும் எனக்குச் சாராயக் கிளாஸ்தான் தோன்றியது. அதற்குத் துணையாக ஒரு பெண்பிள்ளை வேறு, வீடு தேடி வருகிறாள். கையிலிருந்த கோணி ஊசியோடு எழுந்துவிட்டேன். "யாருடி நீ? எந்தக் கிளாஸு?" என்று கத்தினேன். அவள் ஊசியைப் பார்த்துப் பின்வாங்கி, "படிக்கிற கிளாஸுக்கா! அ, ஆ, இ, ஈ!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

அவள் பெயர் அஜீசுன்னிசா. தண்டையார்பேட்டையில் பீடி சுற்றுகிறவள். தெருமுனையில் தயங்கி நின்ற ஒருவரைக் கூப்பிட்டாள், அவர்தான் வாத்தியார் அத்தாவுல்லா. தோல் கிடங்கில் கணக்குப்பிள்ளை, முட்டிவாதத்தில் காலை இழுத்து நடக்கிறார். ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு எல்லாம் சொன்னார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கிடங்கில் வேலை செய்கிற ஏழு பேர் தங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தரும்படி அவரைக் கேட்டார்களாம். தோல் காயப்போடுகிற பழைய கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அந்தத் தெரு ஜனங்களே கூட்டி மெழுகினார்கள். தச்சன் பெஞ்சும் போர்டும் செய்து போட்டான், டீக்கடைக்காரர் பாட நாளில் டீ அனுப்பினார், விளக்குக்கு எண்ணெய் வீட்டுக்கொரு வாரம். சர்க்கார் பள்ளியும் இல்லை, மிஷன் பள்ளியும் இல்லை. மூன்று பாடம் ஒருவர் வராவிட்டால் கூடப் படிக்கிறவர்கள் வீடு தேடிப் போக வேண்டும், அது ஒன்றுதான் அங்கே சட்டம். நாற்பது பேர் வரைக்கும் வந்தார்களாம். இப்போது பதினாலு பேர். ஓவர்டைம், உடம்பு வலி, வயசு. உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறவர்களை எழுப்ப மனசு வருவதில்லை அம்மா என்றார். அவரே பேசும்போது கண்ணை மூடி மூடித் திறந்தார்.

இராயபுரத்தில் எவர் கண்ணிலும் படக்கூடாது என்று உன் நைனா அவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறார். போன வருஷ மழையில் கொட்டகைக் கூரை விழுந்து மூன்று மாதம் பாடம் நின்றபோது, ஹார்பரிலிருந்து பழைய தார்ப்பாய் கேட்டு வாங்கி வந்து, மேலே ஏறி அவர்தான் கட்டினாராம். அந்த மூன்று மாதமும் நேரத்தோடு வந்ததை, மழையில் கப்பல் வேலை குறைவு என்று நான் நினைத்திருந்தேன். அன்று முதல் அவருக்குக் கூரை மேஸ்திரி என்று பெயர். "இந்த வருஷம் சொட்டு தண்ணி உள்ள வர்லக்கா" என்றாள் அஜீசுன்னிசா. ஐம்பத்து மூன்று வயது மனுஷன் பதினேழு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். நான் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே உன் நைனா வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அவர்களைப் பார்த்து அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். நான் சிரிப்பேனா என்று பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. வாத்தியார் எழுந்து, மேஸ்திரி, உங்களைக் காட்டிக் கொடுக்க வரவில்லை, பயந்துபோய்த் தேடி வந்தோம் என்றார். உன் நைனா உள்ளே போய்த் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கீழே உட்கார்ந்தார். உன் கடிதத்தை எடுத்து என் மடியில் வைத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டுக் காகிதம் போட்டு ஒட்டியிருந்தது.

"முழுக்கப் படிச்சிட்டேன்" என்றார். "கடைசி நாலு வரி மட்டும் நீ பாரு. தப்பா கீப்பா படிச்சிட்டனான்னு பாரு, சிலுவ."

நான் படித்தேன். நீ எழுதியதுதான், உனக்கே மனப்பாடமாக இருக்கும். ஈஸ்டருக்குள் உங்கள் பதில் வராவிட்டால் உங்களுக்குச் சம்மதமில்லை என்று எடுத்துக்கொள்வேன், பிறகு இதைப் பற்றி எப்போதும் கேட்க மாட்டேன், உங்களைச் சங்கடப்படுத்த வீட்டுக்கும் வர மாட்டேன்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாகப் படித்திருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை அந்த முகத்தில். "இல்லீங்க, சரியாத்தான் படிச்சிருக்கீங்க" என்றேன். ஒரு எழுத்து பிசகவில்லை செல்வம். கப்பலைக் கம்பளி என்று படித்தவர் ஒரு எழுத்து பிசகாமல் படித்திருந்தார்.

நீ சொன்ன ஈஸ்டர் போய்ப் பத்தாவது நாள்தான் அவர் அந்தக் கொட்டகையில் முதன்முதலாக ‘அ’ எழுதியிருக்கிறார்.

நீ கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்டிருந்த ஹில்டாவின் பெயருக்கு எழுத்து எழுத்தாகக் கூட்டி அவர் வந்தது இந்த வருஷம் மே மாதத்தில். அவள் விதவை என்பதும், ஒரு பெண் குழந்தை இருப்பதும் தெரிந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. ‘அம்மாவுக்கு இப்போது தெரிய வேண்டாம்’ என்று நீ எழுதியிருந்ததால் என்னிடம் மூச்சு விடவில்லை. முழுக்கப் படித்து முடித்துத் தன் கையாலேயே பதில் எழுத வேண்டும் என்று இருந்திருக்கிறார். அவசரம் என்று கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? பெட்டிக்குள் சின்னதாக ஒரு ஜோடிச் சிவப்பு ஷூ கிடந்தது. குழந்தைக்கு மூன்று வயது என்று படித்த அன்று வாங்கினாராம். நீ எழுதியபோது மூன்று. இப்போது அந்தக் காலுக்கு அது சேராது.

"வெதவைன்னா நான் வாணாம்னு சொல்லிடுவேனாமே" என்றார். "எங்கம்மா என்னெ இடுப்புல வச்சிக்கினுதான் ரெண்டாம் தபா கோயில்ல மோதிரம் மாத்திக்கிச்சு. அவனுக்கு இன்னா தெரியும். நான் சொன்னாத்தானே தெரியும்." நீ தாத்தா தாத்தா என்று தோளில் ஏறி விளையாடினாயே, அவர் உன் நைனாவைப் பெற்றவர் இல்லை. எடுத்து வளர்த்தவர். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். சொல்லிவிட்டு உன் நைனா தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அஜீசுன்னிசா எழுந்து போய் எங்கள் அடுப்பில் அவளாகவே டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

வாத்தியார் இன்றைக்கே ஒரு தந்தி கொடுத்துவிடலாம் என்றார், இல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றார். உன் நைனா கேட்கவில்லை. "அவன் எனக்கு எழுதினான். நாந்தான் எழுதணும்" என்று முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை மறுபடி பாடத்துக்குப் போனார். என்னையும் கூட வரச் சொன்னார்கள், பெண்கள் பக்கம் ஐந்து பேர் இருக்கிறார்கள், சொல்லிக் கொடுக்க ஒரு பெண்பிள்ளை இல்லை என்று. என் கால் வலி எனக்கு, கோணி வேலை யார் செய்வது என்றேன். பிறகு போனேன். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்தேன், பத்து நிமிஷத்தில் பழகிவிட்டது. அஜீசுன்னிசா ‘ழ’ எழுதத் தெரியாமல் என்னிடமே சண்டைக்கு வந்தாள். நான் ஒருவரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆண்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று உன் நைனா உத்தரவு போட்டிருந்தார், பார்க்கவில்லை.

அந்தக் கொட்டகையும் இன்னும் எத்தனை நாளோ. இடத்துக்காரர் இறந்துவிட்டார், பொங்கலுக்குப் பிறகு காலி செய்யுங்கள் என்று அவருடைய பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். வாத்தியார் இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். நம் கோயில் மண்டபத்தைக் கேட்கலாம் என்று நேற்று சாமியாரைப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் போகட்டும் பார்க்கலாம் என்றார். கடல் வேறு இந்த மாதம் நம் வரிசைக்குப் பின்னால் மூன்று வீட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டது. யாரும் ஓடவில்லை, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். எல்லாருக்கும் அலுத்துவிட்டது.

இனி நான் உன்னிடம் கேட்க வேண்டியது.

நீ ஹில்டாவைக் கட்டிக்கொண்டாயா, அவள் இன்னும் அங்கே இருக்கிறாளா, வேறு ஊருக்குப் போய்விட்டாளா, எனக்கு ஒன்றும் தெரியாது. உன் கிறிஸ்துமஸ் கார்டில் ‘நலம்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பணி மாற்றம் கேட்டிருந்தால் கொஞ்சம் பொறு, விலாசத்தை மாற்றாதே. உன் நைனாவிடமிருந்து கடிதம் வரும். இப்போது மூன்றாவது வரியில் இருக்கிறார். ஒரு வரி எழுத இரண்டு நாள் ஆகிறது. முழுதாக எவருக்கும் காட்ட மாட்டார், ‘ண’வுக்கு எத்தனை சுழி, ‘ஹி’ எப்படிப் போடுவது என்று தனித்தனியாக மட்டும் கேட்டுக்கொள்கிறார். ஒரு மாதம் ஆகலாம். அது வந்து சேருகிறவரைக்கும் உன்னைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்க விட எனக்கு மனசு இல்லை, அதனால்தான் அவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. உடனே ரயிலேறி வந்துவிடவும் வேண்டாம். அவருடைய கடிதம் முதலில் உன்னிடம் வரட்டும்.

நீ அவருக்கு என்ன பதில் எழுதினாலும் அவர் தாங்கிக்கொள்வார். காலம் கடந்துவிட்டது என்றாலும் எழுது. கோபமாக எழுத வேண்டுமானால் கோபமாகவே எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. ஹார்பர் விலாசத்துக்கே போடு, மேலே சொந்தம் என்று எழுது.

குழந்தை உன்னோடு இருக்கிறாளா? இருந்தால் இப்போது ஐந்து நடக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டதா?

ஆண்டவர் உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும். எத்தனை பேர் என்று தெரியாமல்தான் ‘எல்லாரையும்’ என்று எழுதுகிறேன்.

உன் எழுத்து பொடியாக இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். அப்படி எழுதாதே அய்யா. அவருக்குப் பெரிய எழுத்தாக, இடம் விட்டு விட்டு எழுது.

உன் அம்மா
சிலுவையம்மாள்